தனிக்குடித்தனம் போன ஜாவாஎஃப்எக்ஸ்

கூட்டுக்குடும்பத்துல இருந்து ஒரு பையன் தனிக்குடித்தனம் போனா ஊர்ல ரெண்டு விதமாப் பேசுவாங்க. "துரத்தி விட்டுட்டாங்கப்பா" என்று ஒரு கட்சி. "எப்பவோ போயிருக்கணும், இனிமேலாவது உருப்படுவான்" என்று இன்னொரு கட்சி. 2018ல ஜாவா வீட்டை விட்டு ஜாவாஎஃப்எக்ஸ் வெளியே போனப்பவும் இதே ரெண்டு கட்சிதான் கிளம்பிச்சு. இப்போ சாவகாசமாத் திரும்பிப் பார்த்தா, ரெண்டு கட்சியுமே கேள்வியை மாத்திக் கேட்டுட்டாங்களோன்னு எனக்குத் தோணுது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் பழைய காலத்துல இருந்து ஆரம்பிக்கணும், அதனால கொசுவர்த்தியைச் சுத்திக்குங்க மக்களே :-)

பொட்டி தட்டாத நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு மென்பொருளைத் திறந்தா ஜன்னல், பொத்தான், எழுதுற பெட்டி, உருட்டுற பட்டை எல்லாம் வருதில்லையா? அதை ஒவ்வொரு ஆளும் முதல்ல இருந்து வரைஞ்சுட்டு இருக்க முடியாது. யாரோ ஒருத்தர் எல்லாத்தையும் செஞ்சு ஒரு பெட்டியில போட்டு வெச்சிருப்பாங்க, நாம எடுத்துப் பொருத்திக்கலாம். அந்தப் பெட்டியைத்தான் வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்புன்னு தூய தமிழ்ல சொல்லணும். வாய் வலிக்கும்கிறதால நான் 'கருவிப்பெட்டி'ன்னே சொல்லிட்டுப் போறேன். ஜே.டி.கே. என்பது ஜாவாவில் நிரல் எழுதத் தேவையான மொத்தச் சாமானும் சேர்ந்த மூட்டை. கம்பைலர், நூலகங்கள், ஓட்டுற எந்திரம் எல்லாம் அதுக்குள்ள. கேள்வி இதுதான்: கருவிப்பெட்டி அந்த மூட்டைக்குள்ள இருக்கணுமா, வெளியே இருக்கணுமா?

மூத்த பிள்ளையும் ரெண்டாவது பிள்ளையும்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை 1995 மே மாதம் உலகத்துக்குக் காட்டியது. முதல் ஜே.டி.கே. 1996 ஜனவரியில் வந்தது. ஒரு தடவை எழுதினா எந்தக் கணினியிலும் ஓடும் என்பதுதான் அப்போதைய கோஷம். சொன்னபடி ஜன்னலும் பொத்தானும் எல்லா இடத்துலயும் வரணுமே? அதுக்காக மூட்டைக்குள்ளேயே வெச்ச கருவிப்பெட்டிதான் ஏ.டபிள்யூ.டி. இது சொந்தமா எதையும் வரையாது. விண்டோஸ்ல ஓடினா விண்டோஸ்கிட்ட பொத்தானைக் கடன் வாங்கும், மேக்ல ஓடினா மேக்கிட்ட வாங்கும். கடன் வாங்குறதுல ஒரு சிக்கல் உண்டு. எல்லார் வீட்டுலயும் பொதுவா இருக்குற சாமானைத்தான் நம்ப முடியும். அதனால அட்டவணை கிடையாது, கிளை கிளையா விரியுற பட்டியல் கிடையாது. இருக்குற சாமானும் ஒவ்வொரு தளத்துல ஒவ்வொரு மாதிரி நடந்துக்கும். 'ஒரு தடவை எழுது, ஒவ்வொரு இடத்துலயும் பிழை திருத்து'ன்னு கிண்டல் பண்ணாங்க.

அப்புறம் வந்தது ஸ்விங். நெட்ஸ்கேப்காரங்க 1996 கடைசியில் ஐ.எஃப்.சி. என்று தங்களுக்குன்னு ஒரு கருவிப்பெட்டி கொண்டு வந்திருந்தாங்க. 1997 ஏப்ரலில் சன்னும் நெட்ஸ்கேப்பும் கைகோத்து, ரெண்டையும் சேர்த்துப் புதுசா ஒண்ணு செய்யப் போறோம்னு அறிவிச்சாங்க. அதுல பிறந்தது ஸ்விங். யார்கிட்டயும் பொத்தான் கடன் வாங்காம, எல்லாத்தையும் ஜாவாவிலேயே தானே வரைஞ்சுக்கும்.

இங்கேதான் நம்ம கதைக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கு. ஸ்விங் முதல்ல மூட்டைக்குள்ள வரலை. ஜே.டி.கே. 1.1 வெச்சிருந்தவங்க அதைத் தனியா இறக்கிச் சேர்த்துக்கணும். 1998 டிசம்பரில் ஜே.டி.கே. 1.2 வந்தப்பதான் வீட்டுக்குள்ள சேர்த்தாங்க. நடுவுல அதோட பொட்டலப் பெயரை மாத்தி மாத்தி வெச்சு, அப்போ எழுதிட்டு இருந்தவங்களைப் படுத்தி எடுத்தாங்க. கடைசியா 'ஜாவாக்ஸ்' என்ற முன்பெயரில் வந்து நின்னுச்சு. அந்த வால்ல இருக்குற 'க்ஸ்' எதுக்குன்னா, 'இது ஜாவாவுக்கு வெளியில இருந்து வந்த நீட்சி'ன்னு காட்டுறதுக்கு. உள்ளே வந்து இவ்வளவு வருஷம் ஆகியும், வெளியில பிறந்த மச்சம் அதோட பெயரில் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆக, உள்ளே, வெளியே என்பது 2018ல திடீர்னு முளைச்ச தகராறு கிடையாது.

உள்ளே வந்ததால ஸ்விங்குக்கு என்ன கிடைச்சது? நிரந்தரம். இருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதின ஸ்விங் நிரல் பலதும் இன்னிக்கும் ஓடும். இது சின்ன விஷயம் இல்லை. என்ன போச்சு? வளர்ச்சி. மூட்டைக்குள்ள இருக்குற எதையும் சுலபமா மாத்தவோ தூக்கவோ முடியாது, யாரோ ஒருத்தர் நிரல் உடைஞ்சிடும். புதுசா ஒரு வசதி சேர்க்கணும்னா அடுத்த ஜாவா வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஜாவா 6 வந்தது 2006 டிசம்பர், ஜாவா 7 வந்தது 2011 ஜூலை. நாலரை வருஷம்! அதுக்குள்ள ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாம் வந்து, திரைன்னா எப்படி இருக்கணும்னு மக்கள் நினைப்பே மாறிப் போச்சு.

மூணாவது பிள்ளை

ஜாவாஎஃப்எக்ஸும் வெளியில இருந்து வந்ததுதான். சீபியாண்ட் என்ற கம்பெனியில கிறிஸ் ஆலிவர் என்பவர் எஃப்3 என்று ஒரு மொழி செஞ்சுட்டு இருந்தார். 2005ல அந்தக் கம்பெனியை சன் வாங்க, மொழியும் கூடவே வந்தது. 2007 மே மாதம் ஜாவாஒன் மாநாட்டுல அதுக்கு ஜாவாஎஃப்எக்ஸ்னு பேர் வெச்சு மேடை ஏத்தினாங்க. அடோபிகிட்ட ஃபிளாஷ், மைக்ரோசாஃப்ட்கிட்ட சில்வர்லைட். நம்மகிட்டயும் பளபளன்னு ஒண்ணு வேணும் என்பதுதான் அப்போதைய அவசரம். 2008 டிசம்பரில் 1.0 வந்தது. அதை எழுத ஜாவா போதாது, ஜாவாஎஃப்எக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற தனி மொழி படிக்கணும்.

2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடிச்சது. அதே வருஷம் செப்டம்பரில், தனி மொழி வேண்டாம், இனிமே சாதாரண ஜாவாவிலேயே எழுதலாம்னு சொல்லி ஸ்கிரிப்டை நிறுத்தினாங்க. மொழியை நம்பி எழுதினவங்க பாடு திண்டாட்டம். விசேஜ் என்ற பெயரில் அதை வெளியே வளர்க்கச் சிலர் முயற்சி பண்ணாங்க, அது நிலைக்கலை. ஆனா முடிவு என்னவோ சரியான முடிவுதான். 2011 அக்டோபரில் வந்த ஜாவாஎஃப்எக்ஸ் 2.0 நிஜமாவே நல்ல கருவிப்பெட்டி. அழகு படுத்த சி.எஸ்.எஸ்., அமைப்பை எழுத எஃப்.எக்ஸ்.எம்.எல்., உள்ளேயே வலைப்பக்கம் காட்ட வெப்கிட், வரைய கணினியின் கிராஃபிக்ஸ் அட்டை.

2012 ஆகஸ்டில் ஜாவா 7ன் ஆறாவது புதுப்பிப்போட அது ஆரக்கிளின் மூட்டைக்குள்ள வந்தது. 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தப்போ, 2.2ல இருந்த பதிப்பு எண் ஒரே தாவா 8க்குத் தாவியது. குடும்பப் பேரோட ஒத்துப் போகணும் இல்லையா! ஸ்விங்குக்குப் பதிலா இனிமே இதுதான்னு ஆரக்கிளே தன் கேள்வி-பதில் பக்கத்துல எழுதியது. கல்லூரிப் பாடப் புத்தகங்கள் ஸ்விங்கைத் தூக்கிட்டு ஜாவாஎஃப்எக்ஸ் அத்தியாயங்களைச் சேர்த்தன. மாணவன் ஜே.டி.கே. 8ஐ இறக்கினா போதும், பத்து வரியில ஒரு ஜன்னல் திறந்துடும். பொற்காலம்!

ரேஷன் கார்டுல பேர் இல்லை

ஆனா ஒரு சங்கதியைப் பலர் கவனிக்கலை. ஜாவாவுக்குன்னு ஒரு அதிகாரபூர்வ வரையறை இருக்கு. ஜாவா தர்றோம்னு சொல்ற யாரும் அதில் உள்ளதை எல்லாம் தந்தே ஆகணும். ஏ.டபிள்யூ.டி.யும் ஸ்விங்கும் அந்த வரையறைக்குள்ள உண்டு. ஜாவாஎஃப்எக்ஸ் அதில் கடைசி வரைக்கும் சேரவே இல்லை. ஆரக்கிள் தன் மூட்டையில் வெச்சுக் கொடுத்தது, அவ்வளவுதான். வீட்டுல மூணு வேளை சாப்பாடு உண்டு, ரேஷன் கார்டுல மட்டும் பேர் கிடையாது.

அதனால லினக்ஸ்ல ஓப்பன்ஜே.டி.கே. 8 போட்டவங்களுக்கு அப்பவே ஜாவாஎஃப்எக்ஸ் கூடவே வரலை. டெபியன், உபுண்டுவில் ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ்னு தனிப் பொட்டலமா எடுத்துப் போட்டாத்தான் உண்டு. மூல நிரல் முழுசும் 2013க்குள்ள திறந்து விட்டாச்சு, ஆனா அதைக் கட்டாயம் தரணும்னு யாருக்கும் பொறுப்பு இல்லை. பிரிவினை 2018ல நடந்ததுன்னு சொல்றோமே, லினக்ஸ்காரங்களைக் கேட்டா 'எங்க ஊர்ல அது சேரவே இல்லையேப்பா'ன்னு சிரிப்பாங்க.

விரிசல் 2015லயே வெளியே தெரிஞ்சது. ஏ.ஆர்.எம். சில்லுகளுக்கான ஜாவாஎஃப்எக்ஸை ஆரக்கிள் அந்த வருஷம் நிறுத்தியது. ஜன்னலைக் கையால இழுத்துப் போட்டு வடிவமைக்கிற சீன் பில்டரை இனிமே மூல நிரலாத்தான் தருவோம், கட்டித் தரமாட்டோம்னு சொல்லியது. கட்டித் தர்ற வேலையை பெல்ஜியத்தில் இருக்கிற குளுவான் என்ற சின்னக் கம்பெனி கையில் எடுத்தது. பெரிய வீடு ஒவ்வொரு பொறுப்பா இறக்கி வெக்குது, யாரோ ஒருத்தர் எடுத்துச் சுமக்கிறார். கவனிச்சுப் பார்த்தவங்களுக்கு அடுத்து என்னன்னு அப்பவே புரிஞ்சிருக்கும்.

2017 செப்டம்பரில் ஜாவா 9 வந்தது. அதுவரைக்கும் ஒரே கட்டியா இருந்த ஜே.டி.கே.யைத் தனித்தனித் தொகுதிகளா வெட்டினாங்க. ஜாவாஎஃப்எக்ஸுக்கும் கட்டுப்பாடுகள், வரைகலை, ஊடகம், வலைனு தனித்தனி அறை கிடைச்சது. அதே மாசம், இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புது ஜாவான்னு அறிவிப்பும் வந்தது. சுவர் எங்கே ஓடுதுன்னு தெரிஞ்சாத்தானே பாகம் பிரிக்க முடியும்? தொகுதிகள் அந்தச் சுவரைக் காட்டிக் கொடுத்துடுச்சு.

2018 மார்ச் மாதம் ஆரக்கிள் அறிவிச்சது: ஜாவா 11ல இருந்து ஜாவாஎஃப்எக்ஸ் ஜே.டி.கே.யோட வராது, தனியாக் கிடைக்கும். தனியா இருந்தா அது தன் வேகத்தில் வளரலாம், மத்தவங்களும் பங்களிக்கச் சுலபம் என்று காரணம் சொன்னாங்க. 2018 செப்டம்பரில் ஜாவா 11 வந்தது, அதே மாசம் ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் 11 தனியா வந்தது. ஜாவாஎஃப்எக்ஸ் மட்டும் போகலை. உலாவிக்குள்ள ஆப்லெட் ஓட்டுற செருகியும், வெப் ஸ்டார்ட்டும், கோர்பாவும், சில எக்ஸ்.எம்.எல். தொகுதிகளும் அதே கதவு வழியா வெளியே போச்சு.

வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்

பாகப்பிரிவினைன்னா நாலு வேடிக்கை இருக்கும் இல்லையா, இதுலயும் உண்டு.

ஜாவா நிரலை ஓட்டி விடுற தொடக்கிக்கு ஜாவாஎஃப்எக்ஸைப் பத்தி முன்னாடியே சொல்லிக் கொடுத்திருந்தாங்க. 11ல பையன் போயாச்சு, தொடக்கிக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை மட்டும் யாரும் அழிக்கலை. உங்க முதன்மை வகுப்பு ஜாவாஎஃப்எக்ஸோட 'அப்ளிகேஷன்' வகுப்பின் வாரிசா இருந்தா, வாசல்லயே நிறுத்தி, 'இதுக்குத் தேவையான ஜாவாஎஃப்எக்ஸ் பகுதிகளைக் காணோம்'னு சொல்லித் திருப்பி அனுப்பிடும். நீங்க அந்தக் கோப்புகளைப் பழைய முறைப்படி வகுப்புப் பாதையில் பக்கத்துலயே வெச்சிருந்தாலும் சரி, தொகுதியாக் கொண்டு வந்தாத்தான் ஒத்துக்கும். இதுக்கு மாற்று வழி ரொம்ப எளிமை. யாருக்கும் வாரிசு இல்லாத இன்னொரு சின்ன வகுப்பு எழுதி, அதுல இருந்து உங்க நிரலைக் கூப்பிட்டா வாட்ச்மேன் ஒண்ணுமே கேக்காம உள்ளே விட்டுடுவார்! ஆயிரக்கணக்கான பேரோட தலைமுடி கொட்டக் காரணமான செய்தி இது.

இன்னொண்ணு, பாத்திர விவகாரம். நாம எழுதின நிரலை விண்டோஸ், மேக், லினக்ஸ்ல நிறுவுற பொட்டலமா மாத்துற கருவி ஒண்ணு ஜாவாஎஃப்எக்ஸோட இருந்தது, ஜாவாபேக்கேஜர்னு பேர். பையன் போறப்போ அதுவும் போயிடுச்சு. போன பிறகுதான் ஐயையோ, அது நமக்கும் தேவையாச்சேன்னு வீட்டுக்கு உறைச்சது. அதை அடிப்படையா வெச்சு ஜேபேக்கேஜ்னு புதுசா எழுதி, 2020ல ஜாவா 14ல சோதனையா வெச்சு, 2021ல ஜாவா 16ல நிரந்தரமாக்கினாங்க.

சரி, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

கருவிப்பெட்டிக்கு லாபம்தான். இதை நான் தயங்காமச் சொல்வேன். வெளியே போனது செத்துப் போகலை. ஆறு மாசத்துக்கு ஒரு பதிப்பு ஜாவாவோட எண்ணிலேயே வந்துச்சு. 17, 21, 2025 செப்டம்பரில் 25. 2019ல மூல நிரல் கிட்ஹப் பக்கம் போனதும் வெளியாட்கள் திருத்தம் அனுப்புறது சுலபமாச்சு. ஆரக்கிள் ஆளும் குளுவான் ஆளும் சேர்ந்து திட்டத்தை நடத்தினாங்க. துரத்தி விட்டாங்கன்னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும்: வீட்டை விட்டு அனுப்பின பிறகும் ஆரக்கிள் பொறியாளர்கள் அதில் வேலை செஞ்சிருக்காங்க. சேர்த்தே வேணும்னு கேக்குறவங்களுக்காக, பெல்சாஃப்ட், அசூல் மாதிரி கம்பெனிகள் ஜாவாஎஃப்எக்ஸையும் உள்ளே வெச்ச மூட்டைகளைத் தயார் பண்ணிக் கொடுத்தாங்க. கிரிப்டோமேட்டர், ஜேப்ரெஃப் மாதிரி மென்பொருட்கள் ஜாவாஎஃப்எக்ஸ்ல எழுதினவைதான்.

நட்டம் யாருக்கு? பெரிய நிரல் எழுதுறவங்களுக்கு இல்லை. அவங்க ஏற்கெனவே மேவன், கிரேடில் மாதிரி கருவிகளை வெச்சு நூத்துக்கணக்கான நூலகங்களை இழுத்துட்டு இருக்காங்க, அதோட இதுவும் ஒண்ணு. அடி வாங்கினது ஆரம்பநிலை மாணவன். கருவிப்பெட்டிக்குள்ள ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி உள்நாட்டுக் கோப்புகள் இருக்கு. விண்டோஸுக்கானதை லினக்ஸ்ல வெச்சா ஓடாது. ஜே.டி.கே.க்குள்ள இருந்த வரைக்கும் இந்தத் தலைவலி அவன் கண்ணுக்கே படலை. இப்போ முதல் ஜன்னலைத் திறக்கும் முன்னாடியே தொகுதிப் பாதை, சார்பு நூலகம், தளப் பொருத்தம்னு மூணு பாடம் படிக்கணும். அவன் கையில இருக்குற புத்தகமோ ஜாவா 8 காலத்தது. அதுல இதைப் பத்தி ஒரு வரி இருக்காது.

நம்ம ஆட்களுக்கு நேரடியாத் தொடுற ஒரு விஷயமும் இருக்கு. 'கொ'ன்னு எழுதினா ஒற்றைக்கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போய் உக்காரணும். இப்படி இடம் மாத்தி அடுக்கி வரைஞ்சு காட்டுறது கருவிப்பெட்டியோட பொறுப்பு. ஜாவாஎஃப்எக்ஸ் 8ல இந்த மாதிரி சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஆதரவு வந்தது. அது இதைத் தானே செய்யாம விண்டோஸ்ல டைரக்ட்ரைட், மேக்ல கோர் டெக்ஸ்ட், லினக்ஸ்ல பாங்கோன்னு அந்தந்தத் தளத்தோட எழுத்து எந்திரத்திடம் விடும். ஸ்விங் பக்கமோ, ஜாவா 9ல இருந்து ஹார்ஃப்பஸ் என்ற எந்திரத்தைத் தன்கூடவே வெச்சுக்குது. பாருங்க, வெளியே போனதும் சரி, உள்ளே இருக்குறதும் சரி, ரெண்டுமே வேற யாரோ உருவாக்கினதை நம்பித்தான் நம்ம கொம்பை வரையுது. தனிக்குடித்தனம்னாலும் யாரும் முழுக்கத் தனி ஆள் கிடையாது.

இதே மாதிரி இன்னொரு பழைய பிரிவினையைப் பார்த்தா இன்னும் தெளிவாகும். ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளுக்காக 90களில் பெர்க்லி மாணவர்கள் செஞ்ச கருவிப்பெட்டிதான் ஜி.டி.கே. பெயருக்கே 'ஜிம்ப் கருவிப்பெட்டி'ன்னுதான் அர்த்தம். அது தனியாப் பிரிஞ்சு, 1997ல தொடங்கின குனோம் மேசைத்தளத்துக்கு அடித்தளமாகி, பெத்தவனை விடப் பெரிய ஆளாச்சு. 2020 டிசம்பரில் ஜி.டி.கே. 4 வந்துடுச்சு. ஜிம்ப் ஜி.டி.கே. 3க்கு மாறினது எப்போ தெரியுமா? 2025 மார்ச்சில்! தன் வீட்டுல பிறந்த பிள்ளையோட வேகத்துக்குப் பெத்தவனால ஈடு கொடுக்க முடியலை. அங்கே பிள்ளையைக் கவனிக்க ஊரே இருந்தது. வீட்டைக் கவனிக்க ஆள் குறைவா இருந்தது.

என் கட்சி இப்போ உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். உள்ளேயா வெளியேயா என்பதைவிட, யார் பார்த்துக்கறாங்க என்பதுதான் கேக்க வேண்டிய கேள்வி. ஸ்விங் உள்ளேயே இருந்தது, பத்திரமா இருந்தது, ஆனா வளரலை. ஜாவாஎஃப்எக்ஸ் 2012ல உள்ளே வந்தது, மூணே வருஷத்துல கவனிப்பு குறைஞ்சது. வெளியே போன பிறகு குறைஞ்ச ஆட்களோட என்றாலும் தொடர்ந்து வேலை நடந்தது. மூட்டைக்குள்ள இடம் கொடுக்கிறது வெறும் இடம்தான், அக்கறை தனியா வரணும்.

பிரிச்சது சரி. ஆனா பிரிச்ச விதத்துல, புதுசா வர்ற பையனுக்கும் பொண்ணுக்கும் வாசலைக் கொஞ்சம் உசரமாக் கட்டிட்டாங்க. உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு பொண்ணு பழைய புத்தகத்தை வெச்சுக்கிட்டு, எழுத்துக்கு எழுத்து அதுல உள்ளபடியே அடிச்சும் ஜன்னல் திறக்கலையேன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தா, தயவுசெஞ்சு இதைச் சொல்லுங்க: "நீ எழுதினது சரிதாம்மா. 2018ல ஒரு வீடு ரெண்டாச்சு, உன் புத்தகத்துக்கு அது தெரியாது. ஜாவாஎஃப்எக்ஸைத் தனியா இறக்கிச் சேர்த்துக்கோ, இல்லேன்னா சேர்த்தே வர்ற மூட்டையை எடுத்துக்கோ." நமக்கு வராது இந்த வேலைன்னு அவ பொட்டியை மூடி வெக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, அது போதும்.